போரும் பேசாச் சித்திரமும்



வானொலியில் சித்திரத்தைப் பற்றிப் பேச முற்படுவது இருட்டறையில் அமர்ந்து நிறங்களை விவரிப்பதைப் போன்றது என்று சிலர் நகைக்கக்கூடும். அந்நகைப்பில் நியாயம் உண்டு. நம்மிடம் இருப்பது ஒலி ஒன்றே. பேசப் புகுவதோ ஒலியும் எழுத்தும் வேண்டாத ஒரு கலையைப் பற்றி. ஆயினும் இவ்வுரையைக் கேட்போரும், பின்னர் அச்சில் படிப்போரும், பிறமொழி வழங்கும் ஊர்களில் வாழும் தமிழர்கள். கடைவீதியில் பாதிச் சொல்லும் பாதிச் சைகையுமாகக் காரியம் முடித்த அனுபவம் உங்களுக்கு உண்டு. சொல் எட்டாத இடத்தில் கண் எட்டும் என்பதை உங்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

எங்கள் ஊர் நல்லேப்பிள்ளி. கேரளத்தின் கீழைக் கோடியில், சித்தூர் வட்டத்தில் உள்ளது. முன்னாளில் இப்பகுதி கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்தது. இன்று பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றுக்குத் தமிழகம், மலையாளம் என்ற பேதம் கிடையாது, கரும்பனைகளுக்கும் கிடையாது. எங்கள் பேச்சுக்கும் ஏறக்குறைய அப்படியே.

எங்கள் ஊருக்கு அண்மையில் உள்ள சித்தூர்ப் பகவதி கோயிலில் மாசி மாதத்தில் 'கொங்கன் படை' என்றொரு விழா நடைபெறுகிறது. முற்காலத்தில் கொங்கு நாட்டரசன் ஒருவன் படையெடுத்து வந்தான் என்பதும், பகவதியே முன்னின்று அவனை முறியடித்தாள் என்பதும் ஐதிகம். கொங்கன் விடுத்த போர் ஓலை சபையில் படிக்கப்படும், படை வரும், ஆரவாரம் எழும், இறுதியில் பகவதியின் வெற்றி கொண்டாடப்படும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சித்தூர் வட்டத்துத் தமிழருள் பலர் கொங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழியினர். தம் முன்னோர் நாட்டவனான கொங்கன் தோற்றோடும் காட்சியை அவர்களும் குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கண்டு களிக்கிறார்கள்! யார் வென்றார், யார் தோற்றார் என்பதைக் காலம் எவ்வளவு எளிதாக அழித்துவிடுகிறது என்று நாங்கள் அக்கூட்டத்தில் நின்று எண்ணியதுண்டு.

போரைச் சொல்லால் கொண்டாடுவது தமிழர்க்குப் புதிதன்று. ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவதற்கென்றே பரணி என்னும் பிரபந்த வகையை வகுத்துக்கொண்டவர்கள் நாம். பாரதப்புழைக் கரையின் பகவதி கோயில்களில் இரவிரவாக நிகழும் தோற்பாவைக் கூத்திலும் நடுநாயகமாக நிற்பது போர்தான். தாரிகனைக் கொல்லச் சென்றிருந்தமையால் இராம இராவண யுத்தத்தைக் காணவியலாது போன பத்திரகாளிக்காக அதனை மீண்டும் நடித்துக் காட்டுவதாக ஐதிகம். கம்பநாட்டாழ்வாரின் செய்யுட்களைப் புலவர்கள் சொல்லிப் பொருள் விரிப்பார்கள். பின்னிரவில் மாந்தர் எவரும் எதிரே இல்லாமற் போனாலும் கூத்து நிற்பதில்லை. காண வேண்டியவள் தேவி.

அக்கூத்தைக் காணும்போது ஒரு சோதனை செய்து பார்க்கலாம். புலவரின் சொல்லைச் சற்று மறந்து திரையை மட்டும் நோக்குக. விளக்கொளியில் ஆடுவன தோல் உருவங்கள். வீழ்ந்தது அரக்கனா வானரனா என்பது சொல் இல்லையேல் உடனே விளங்குவதில்லை. ஓர் உருவம் நின்றது, பின்னர் சாய்ந்தது என்பது மட்டும் விளங்குகிறது. நாம் இன்று சொல்ல வந்த செய்தி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்தை அறியாத தமிழர் குறைவு. அவ்வூர்ப் பெயரைத் தம் பெயரின் முதலெழுத்தாகத் தாங்கி, வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிற மாநிலங்களில் கழித்த ஓவியர் ஒருவர் உண்டு. கல்பாத்தி கணபதி சுப்ரமணியன் என்பது முழுப்பெயர், கே. ஜி. சுப்ரமணியன் என்று கலையுலகம் அறியும். மாணவர்களுக்கு அவர் 'மணிதா'. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தினர். 1924ஆம் ஆண்டு வடகேரளத்துக் கூத்துப்பறம்பில் பிறந்து, அந்நாளில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மாஹேயில் வளர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்றுகொண்டிருந்தபோது விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அரசாங்கக் கல்லூரிகளில் மேற்கொண்டு படிக்க வழியின்றிப் போயிற்று. அக்கதவு அடைபட்டதனால் 1944இல் சாந்திநிகேதனத்தின் கலாபவனக் கதவு திறந்தது. நந்தலால் போஸ், வினோத் பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகியோர் ஆசிரியர்களாக வாய்த்தனர். 1951 முதல் ஏறத்தாழ முப்பதாண்டுகள் பரோடாவிலும், பின்னர் சாந்திநிகேதனத்திலும் ஆசிரியராக இருந்தார். 2012இல் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பெற்றது. 2016 ஜூன் மாதம், இன்று வடோதரா என வழங்கும் அதே பரோடாவில் மறைந்தார். வீட்டில் தமிழ், வீதியில் மலையாளம், பின்னர் வங்காளியும் குஜராத்தியும் ஒலிக்கும் ஊர்கள்: உங்களில் பலருடைய வாழ்க்கையும் இத்தகையதே அன்றோ?

1971ஆம் ஆண்டு மார்ச் 25 இரவு டாக்காவில் இராணுவத்தின் வெறியாட்டம் தொடங்கியது. அதற்கடுத்த மாதங்களில் ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவினுள் வந்து சேர்ந்தனர். டிசம்பர் 3 அன்று போர் மூண்டு, 16 அன்று முடிந்தது. தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் சரணடைந்தனர். வெற்றிச் செய்தியை வீடுதோறும் கொண்டு சேர்த்ததில் வானொலிக்கும் பெரும் பங்கு உண்டு. இந்த வெற்றியைப் பழித்துரைப்பது நம் நோக்கமன்று. ஒரு மக்கட்கூட்டம் அதனால் உயிர் பிழைத்தது. ஆனால் அதே 1971இல் பரோடாவில் இருந்த சுப்ரமணியன் களிமண்ணை எடுத்துச் செய்தவை வெற்றிச் சின்னங்கள் அல்ல.

'தளபதிகளும் வெற்றிப் பரிசுகளும்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை அவற்றுக்கு அவர் அளித்தார். அவை சுடுமண் புடைப்புச் சிற்பங்கள். களிமண்ணைத் தகடாகத் தட்டி, மடித்து, கிள்ளி, அறுத்து, ஒட்டி, சூளையிலிட்டுச் சுட்டெடுத்தவை. பதக்கங்களைச் சுமந்த மார்புகள் ஒருபுறம். சிதறிய அங்கங்கள் மறுபுறம். பரிசுகள் எவை என்று நாம் கேட்கும் முன்பே விடை கண்முன் கிடக்கிறது. தலைப்பில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. எந்தத் தளபதி, யாருடைய கை, எந்த ஊர் என்று உரைக்கும் வாசகமும் இல்லை.

களிமண்ணை அவர் தேர்ந்தது தற்செயலன்று என்பது நம் கருத்து. வண்ணத்தால் தீட்டிய காயத்தை அழகு என்று பாராட்டி நகர்ந்துவிடக் கண்ணுக்குத் தெரியும். ஈர மண்ணோ தோலைப் போல மடிகிறது. அழுத்தினால் சதையைப் போலக் குழிகிறது. வெட்டினால் வெட்டின் விளிம்பு அப்படியே நிற்கிறது. சுட்ட பிறகு அக்குழிவும் அவ்வெட்டும் மாறாது. மண்ணுக்கு அவர் இழைத்தவை எல்லாம், போர் உடலுக்கு இழைப்பவையே. சொல் ஏதும் இன்றி, செய்முறையே குற்றச்சாட்டாகிவிடுகிறது.

இச்சிற்பங்களுள் ஒன்றின் புகைப்படத்தை எங்கள் பக்கத்து மட்பாண்டத் தொழிலாளர் ஒருவரிடம் காட்டினோம். எழுபது வயதைக் கடந்தவர். சிற்பியின் பெயரைக் கேட்டறியாதவர். படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "சக்கரத்துல ஏத்தலீங்க. பலகையில தட்டி, துணி மடிக்கிற மாதிரி மடிச்சிருக்காருங்க. காயறப்போ வெடிக்காம எப்படித்தான் காப்பாத்துனாரோ!" என்று முதலில் தொழிலைத்தான் வியந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டுப் பின்னர், "ஏனுங்க, இதுல ஜெயிச்சது யாருங்க?" என்று வினவினார். விடை சொல்ல வாயெடுத்தோம். படத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை. 1971ஆம் ஆண்டுச் சரித்திரத்தை எடுத்துரைத்தோம். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் சரித்திரத்தைச் சொல்லச் சொல்ல, நாம் படத்தைவிட்டு விலகிப் போவதாகவே எமக்குத் தோன்றியது.

சொல் பக்கம் சேரும் இயல்புடையது. 'வீரமரணம்' என்று ஒரு தரப்பினர் சொன்னால், மறுதரப்பினர் அதையே 'ஒழிப்பு' என்பார்கள். வாக்கியத்துக்கு எழுவாய் வேண்டும். கொன்றவன், கொல்லப்பட்டவன் என்ற வரிசை வேண்டும். ஊமைச் சித்திரம் இந்த இலக்கணத்துக்குள் அடங்குவதில்லை. சரிந்த உடலைக் காட்டும்போது அது சீருடையைக்கூட விட்டுவிடலாம்.

இதற்கு மேல்நாட்டிலிருந்து ஓர் உதாரணம் கூறுவோம். முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் புகுந்தது. பெல்ஜிய நாட்டவரான பிரான்ஸ் மாசரீல் என்னும் ஓவியர் போரில் ஈடுபட மறுத்து, சுவிட்சர்லாந்தின் ஜினீவா நகரில் தங்கினார். ரோமன் ரோலந்தின் நண்பர். காந்தியடிகளின் வரலாற்றை எழுதியதனால் நம்மவர்க்கு அறிமுகமான அதே ரோலந்துதான். மாசரீல் போரை எதிர்த்த நாளேடு ஒன்றுக்குச் சித்திரங்கள் வரைந்து தந்தார். 1917இல் 'இறந்தோரே எழுக' என்னும் பொருள்படும் மர அச்சுச் சித்திர வரிசையை வெளியிட்டார். மரப்பலகையைச் செதுக்கி, மேடாக எஞ்சிய பகுதியில் மை பூசித் தாளில் ஒற்றி எடுப்பது இம்முறை. கறுப்பு, வெள்ளை, இரண்டே நிறம். பின்னர் இவ்வகைச் சித்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, ஓர் எழுத்துமின்றிக் கதை சொல்லும் நூல்களையே அவர் உண்டாக்கினார். 1919இல் வெளிவந்த ஒரு நூலில் 167 சித்திரங்கள். தாமஸ் மான் அதன் ஜெர்மன் பதிப்புக்கு முன்னுரை எழுதினார். ஏட்டைப் புரட்டவே கதை நகரும். பிரெஞ்சுக்காரனும் ஜெர்மானியனும் மொழிபெயர்ப்பாளரின் துணையின்றி ஒரே கதையைப் படித்தார்கள். போர் முடிந்து ஓராண்டே ஆகியிருந்த வேளையில் அது சிறிய காரியமன்று.

எதிர்த்தரப்பு நாட்டில், பெர்லினில், கேத்தே கொல்விட்ஸ் என்னும் பெண் ஓவியர் இருந்தார். அவருடைய இளைய மகன் பீட்டருக்கு வயது பதினெட்டு. போருக்குச் செல்லத் தந்தையின் ஒப்புதல் வேண்டியிருந்தது, தந்தை தயங்கினார். மகனுக்காகப் பரிந்து பேசிக் கணவரை இணங்கச் செய்தவர் கேத்தே. 1914 அக்டோபரில் பீட்டர் களத்தில் மாண்டான். அக்களம் இருந்தது மாசரீலின் தாயகமான பெல்ஜியத்தில்.

அதன்பின் பல ஆண்டுகள் அத்தாய்க்கு உளி சரிவரப் பிடிபடவில்லை. செப்புத் தகட்டிலும் கல்லிலும் முயன்று, திருப்தியுறாமல், இறுதியில் மரத்துக்கு வந்தார். 'போர்' என்னும் ஏழு மர அச்சுச் சித்திரங்கள் 1923இல் வெளியாயின. அவற்றில் போர்க்களம் இல்லை, துப்பாக்கி இல்லை, பகைவன் இல்லை. முதற் சித்திரத்தில் ஒரு தாய் தன் சிசுவைப் பலிப்பொருள்போல உயர்த்தி நீட்டுகிறாள். அடுத்ததில் இளைஞர்கள் மரணத்தின் முரசைத் தொடர்ந்து செல்கிறார்கள். பிறிதொன்றில் பெற்றோர் இருவர் மண்டியிட்டு ஒருவர்மேல் ஒருவர் சரிந்து ஒரே கறுப்புப் பாறையாகக் கிடக்கிறார்கள். தாய்மார் கூடித் தம் கைகளால் வேலி கட்டி, உள்ளே குழந்தைகளை மறைத்து நிற்கும் சித்திரமும் உண்டு. தாமே உயர்த்தி நீட்டிய சிசு என்பதை அறிந்து அம்முதற் சித்திரத்தைச் செதுக்கிய தாயின் கை எத்தகையதாக இருந்திருக்கும்!

ஒருவருடைய நாடு தாக்கப்பட்டது. மற்றவருடைய மகன் தாக்கச் சென்ற படையில் மாண்டான். அரசியல் பேசுவோர் இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்தியிருப்பார்கள். சித்திரங்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கோ, ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் இருந்து வந்தவை எனத் தோன்றும்.

இத்தகைய சித்திரங்கள் எந்தப் போரையாவது நிறுத்தியதுண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நேர்மையான விடை, நாமறிந்தவரை இல்லை என்பதே. கொல்விட்ஸ் அம்மையாரின் பேரன், அவனும் பீட்டர் என்னும் பெயரினன், 1942இல் இரண்டாம் உலகப் போரில் மாண்டான். அம்மையார் 1945 ஏப்ரலில், போர் முடிவதற்குச் சில நாட்கள் முன்னதாகக் கண் மூடினார். இந்த விவரங்களை மறைத்துவிட்டுக் கலையின் ஆற்றலைப் புகழ்வது நேயர்களை ஏமாற்றுவதாகும்.

ஆயினும் ஆட்சியாளர் இச்சித்திரங்களை அலட்சியம் செய்வதும் இல்லை. 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் குவெர்னிகா என்னும் சிற்றூர் மீது ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அதே ஆண்டில் பிக்காசோ ஏறத்தாழ 25 அடி நீளத்தில், கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாகத் தீட்டிய ஓவியத்தில் விமானமும் இல்லை, குண்டும் இல்லை. அலறும் குதிரையும், இறந்த குழந்தையை ஏந்திய தாயும் உண்டு. அதனைப் படியெடுத்து நெய்த திரைச்சீலை ஒன்று நியூயார்க்கில், ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு சபையின் வாயிலருகே தொங்கியது. 2003 பிப்ரவரி 5 அன்று, இராக் மீது போர் தொடுப்பதற்கான வாதத்தை அமெரிக்க வெளியுறவுச் செயலர் அச்சபையில் எடுத்துரைத்தபோது, அத்திரைச்சீலை நீலத் துணியால் மூடப்பட்டிருந்தது. தொலைக்காட்சிப் படப்பிடிப்புக்கு வசதியான பின்னணி வேண்டியே மூடியதாகக் காரணம் கூறினர். அதுவே உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சொற்பொழிவாளர்கள் வந்து நின்று பேசுவதற்கு அந்தச் சித்திரம் இசைந்த பின்னணியாக அமையவில்லை என்பது மட்டும் அதனால் தெளிவாயிற்று.

நம் நாட்டில் சுப்ரமணியன் தனித்து நின்றவர் அல்லர். சாந்திநிகேதனத்தில் பணியாற்றிய சோமநாத் ஹோர், வங்கப் பஞ்சத்தின் பட்டினி உருவங்களை இளமையிலேயே வரைந்தவர். 1970களில் அவர் 'காயங்கள்' என்னும் வரிசையைச் செய்தார். களிமண் பரப்பைக் கத்தியால் கீறி, சூடேற்றிய கருவியால் துளைத்து, அதிலிருந்து அச்செடுத்து, அந்த அச்சில் காகிதக் கூழை வார்த்தார். வெள்ளைத் தாளில் வெள்ளைக் காயம், வேறொன்றும் இல்லை. வியத்நாமியத் தாய் ஒருத்திக்கு அவர் வார்த்த வெண்கலச் சிலை 1977இல் களவு போயிற்று. கல்கத்தாவிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நேயர்கள் ஹோரின் காகிதக் காயங்களைக் காணும் வாய்ப்பு நேர்ந்தால் தவறவிட வேண்டாம். புகைப்படத்தில் அவை விளங்கா. பக்கவாட்டில் வெளிச்சம் பட, அருகே நின்று பார்க்க வேண்டும்.

மீண்டும் சுப்ரமணியனுக்கு வருவோம். 1971க்குப் பின் நாற்பதாண்டுகள் அவர் பூனைகளையும் ஆடுகளையும் தேவியரையும் குறும்புக்காரச் சிறுவர்களையும் வரைந்தார். குழந்தைகளுக்குக் கதைகள் எழுதிப் படமும் வரைந்தார். போர் அவரை விட்டுவிட்டது என்று எண்ணியோர் உண்டு. எண்பத்தெட்டாம் வயதை ஒட்டி, 36 அடி நீளமும் 9 அடி உயரமும் உள்ள மாபெரும் ஓவியம் ஒன்றைக் கறுப்பிலும் வெள்ளையிலும் தீட்டினார். 'தொல்சின்னங்களின் போர்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். பழம் நம்பிக்கைகளும் பழம் பகைகளும் புது ஆயுதம் தாங்கி மோதும் காட்சி அது. யார் யாரைத் தாக்குகிறார் என்று தொடக்கத்தில் தேடத் தொடங்கும் கண், சில அடிகள் நடப்பதற்குள் கணக்கை இழந்துவிடும். விலங்கும் மனிதனும் தெய்வ உருவும் பின்னிக்கிடக்க, வெற்றி பெற்ற ஓரத்தை நாம் காண்பதில்லை. 2014ஆம் ஆண்டு கொச்சி முசிறிஸ் கலைவிழாவில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. கூத்துப்பறம்பில் பிறந்து வடக்கே சென்ற ஓவியரின் போர் ஓவியம், அவ்வாறு கேரளக் கரைக்கு வந்து சேர்ந்தது.

தோற்பாவைத் திரையை மறுபடியும் நினைவூட்டாமல் அந்த ஓவியம் எம்மை விடுவதில்லை. கறுப்பு உருவங்கள், பின்னால் வெளிச்சம், நீண்ட திரை. அவ்வோவியர் கூத்தை எண்ணித்தான் தீட்டினார் என்று நாம் வாதிக்க வரவில்லை. அவருடைய ஆசான்கள் வங்கத்தில் இருந்தார்கள். எமது கண் பாலக்காட்டுக் கண் ஆதலின் அவ்வாறு காண்கிறது. வேறுபாடு ஒன்றுண்டு. எங்கள் திரைக்குப் பின்னால் புலவர் இருந்து இன்னார் வென்றார் என்று உரைப்பார். சுப்ரமணியனின் திரைக்குப் பின்னால் எவரும் இல்லை.

வடமாநிலங்களில் வாழும் நேயர்கள் இவருடைய கைவண்ணத்தைக் காண வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. லக்னோவின் சார்பாக் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ரவீந்திராலயத்தின் சுவரில், தாகூரின் நாடகம் ஒன்றை 1963இல் ஆயிரக்கணக்கான சுடுமண் ஓடுகளால் அவர் சித்திரித்தார். சாந்திநிகேதனத்தில் கலாபவனத்துக் கட்டடம் ஒன்றின் சுவர்கள் முழுவதும் அவருடைய கறுப்பு வெள்ளைச் சித்திரங்கள். இவை போரைப் பற்றியவை அல்ல. ஆனால் எழுத்தின் துணையின்றி ஒரு சுவர் எவ்வாறு கதை சொல்கிறது என்பதை இங்கே பழகிக்கொண்டால், 1971ஆம் ஆண்டு மண்ணையும் படிக்கலாம். குழந்தைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். விளக்கப் பலகை ஏதும் இருப்பின் அதனைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.